பள்ளி முடித்த ரேஞ்சர்களை ஊழியத்தில் நிலைக்கச் செய்வது எப்படி?

ராயல் ரேஞ்சர்ஸ் ஊழியம் 1962-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்னும் பெந்தெகொஸ்தே சபைகளின் ஊழியமாக, ஜானி பார்ன்ஸின் பொறுப்பில் தொடங்கியது. சாரணர் முறையில் முகாம், கைத்திறன், வேதபாடம் ஆகியவற்றின் வழியாகச் சிறுவர்களைக் கிறிஸ்துவுக்குள் வளர்ப்பதே அதன் நோக்கம். அதன் படிநிலைகள் தெளிவானவை. மழலை வகுப்பு முதல் இரண்டாம் வகுப்புவரை ரேஞ்சர் கிட்ஸ், மூன்று முதல் ஐந்துவரை டிஸ்கவரி, ஆறு முதல் எட்டுவரை அட்வென்ச்சர், ஒன்பது முதல் பன்னிரண்டுவரை எக்ஸ்பெடிஷன். பன்னிரண்டாம் வகுப்போடு இந்தப் படிகள் முடிந்துவிடுகின்றன. அதற்கு அப்பால் இருப்பது கமாண்டர் என்னும் பெரியவர்களின் பொறுப்பு மட்டுமே. ஏழெட்டு ஆண்டுகள் புதன்கிழமை மாலைதோறும் சீருடை அணிந்து வந்த ஒருவர், அந்தக் கோடை முடிந்து கல்லூரி திறக்கும்போது, சிறுவனும் அல்லாத, கமாண்டரும் அல்லாத ஓரிடத்தில் நிற்கிறார். அங்கே அவரை என்ன செய்வது என்று பெரும்பாலான அவுட்போஸ்ட்களில், அதாவது சபைகளிலுள்ள ரேஞ்சர் கிளைகளில், யாரும் யோசித்து வைப்பதில்லை.

சாரணர் உலகம் இந்தச் சிக்கலை வெகு காலத்துக்கு முன்பே சந்தித்திருக்கிறது. வளர்ந்த வாலிபர்களுக்காகவே, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1918-இல் பிரிட்டனில் ரோவர் பிரிவை ஏற்படுத்தி, சேவையை அதன் அடிப்படையாக வைத்தார். பென்சில்வேனியாவின் லாஃபயெட் கல்லூரியில் 1925 டிசம்பரில் சாரணப் பின்னணி கொண்ட மாணவர்கள் கூடி ஆல்ஃபா ஃபை ஒமேகா என்ற சேவைக் கழகத்தைத் தொடங்கினார்கள். இரண்டிலும் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. வயது வந்தவர்களைச் சிறுவர்களுக்குரிய திட்டத்திலேயே இன்னும் சில ஆண்டுகள் நீட்டி வைக்க யாரும் முயலவில்லை. அவர்களுக்கென்று தனி வேலையும் தனிக் கூட்டமும் கொடுத்தார்கள். இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவதும் அதுதான். கல்லூரி வயதினர் நம்மோடு நிலைக்க வேண்டுமானால், அவர்களுடைய கையில் உண்மையான பொறுப்பு இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு அவர்களுடைய கல்லூரி நாட்காட்டிக்குப் பொருந்த வேண்டும். வேலை எதுவும் இல்லாத மாதங்களிலும் அவர்களைத் தேடிப் பேசுகிற ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

இதை ஏன் அவசரமாகக் கருத வேண்டும் என்பதற்கு லைஃப்வே ஆய்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு ஒன்றே போதும். உயர்நிலைப் பள்ளிக் காலத்தில் குறைந்தது ஓராண்டு ஒழுங்காகப் புராட்டஸ்டன்ட் சபைக்குப் போய்வந்த அமெரிக்க இளைஞர்களில் 66 சதவீதத்தினர், 18 முதல் 22 வயதுக்குள் ஓராண்டாவது சபைக்குப் போவதை நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் முதலிடத்தில் இருந்தது, கல்லூரிக்காக ஊர் மாறியது. 34 சதவீதத்தினர் அதைக் குறிப்பிட்டார்கள். சபை மக்களோடு ஒட்டுதல் இல்லை என்றவர்கள் 29 சதவீதம். விசுவாசத்தை வெறுத்து வெளியேறியவர்களைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்படுகிறோம். ஆனால் பெரும் கூட்டம் வெறுத்துப் போகவில்லை. பெட்டி கட்டிக்கொண்டு போனபோது யாரும் பின்தொடரவில்லை என்பதால்தான் தொடர்பு அறுந்துபோயிற்று. பின்தொடர்வது நம்மால் செய்யக்கூடிய காரியம்.

பதினோராம் வகுப்பிலேயே தொடங்குங்கள்

பட்டமளிப்பு விழா முடிந்த ஜூன் மாதத்தில், "தம்பி, அடுத்து என்ன?" என்று கேட்பது காலம் தாழ்ந்த கேள்வி. அதற்குள் அவர் மனத்தளவில் விடைபெற்றிருப்பார். பதினோராம் வகுப்பின் இறுதியிலோ பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்திலோ, கமாண்டரும் அவரும் பெற்றோரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேச வேண்டும். எந்த ஊரில் படிக்க நினைக்கிறார், உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியா, வெளியூர்ப் பல்கலைக்கழகமா, மின்பணி போன்ற தொழில் பயிற்சியா, ராணுவமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஊழியத்தில் அவருக்கு மிகவும் பிடித்தது எது என்றும் கேளுங்கள். விடை நாம் நினைத்ததாக இருக்காது. முகாம் சமையலை ஆசையோடு செய்கிறவர் பாடம் நடத்தத் தயங்குவார். எல்லார் முன்னிலையிலும் வாய் திறக்காதவர் இரண்டு சிறுவர்களோடு உட்கார்ந்தால் அருமையாக ஜெபிப்பார். பொறுப்பை அந்த விடையிலிருந்து வளர்த்தெடுக்க வேண்டும். எந்த இடம் காலியாக இருக்கிறதோ அதில் அவரைச் செருகுவது நமக்கு வசதி. அவருக்கு அது பாரம்.

பள்ளிப் பருவத்திலேயே இளம் தலைவர் பயிற்சி முகாமுக்கு ஒருமுறையாவது போய்வந்தவர், கல்லூரிக் காலத்தில் அதே முகாமுக்குப் பணியாளராகத் திரும்புவது எளிது. ஆகவே ரேஞ்சர் மாணவருக்குரிய உயர்ந்த விருதான கோல்டு மெடல் ஆஃப் அச்சீவ்மென்ட் பதக்கத்துக்காக உழைக்கும் மாணவரிடம், பதக்கம் பயணத்தின் முடிவல்ல என்பதை வாய்ச்சொல்லாக அன்றிச் செயலாகக் காட்டுங்கள். பதக்கம் வழங்கும் அதே கவுன்சில் ஆஃப் அச்சீவ்மென்ட் விழாவில், போதகர் அவருடைய தலைமேல் கைவைத்து ஜெபித்து, அடுத்த பொறுப்பு இன்னதென்று சபையாருக்கு அறிவிப்பது நல்லது. உண்மையுள்ள மனுஷரிடத்தில் ஒப்புவி என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது வெறும் பாராட்டைப் பற்றியது அல்ல. வேலையைக் கைமாற்றுவதைப் பற்றியது.

பதினெட்டாம் பிறந்தநாளில் மாறுவது

பல கமாண்டர்கள் சொல்லத் தயங்கிப் பிறகு சங்கடப்படுகிற காரியம் இது. பதினெட்டு வயது நிறைந்த நாளிலிருந்து, சிறார் பாதுகாப்பு விதிகளின்படி அவர் பெரியவர். போன மாத முகாமில் பதினாறு வயது நண்பரோடு ஒரே கூடாரத்தில் தூங்கியவர், இந்த மாதம் அப்படித் தூங்க முடியாது. சிறுவர்களோடு தனியாகக் காரில் போவதும், தனிப்பட்ட குறுஞ்செய்தி அனுப்புவதும் நின்றுவிட வேண்டும். பின்னணிச் சோதனைக்கான படிவத்தை நிரப்பித் தர வேண்டும். பாதுகாப்புப் பயிற்சியை முடிக்க வேண்டும். இதையெல்லாம் முகாம் வாசலில், பையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும்போது சொன்னால், நேற்றுவரை குடும்பமாக இருந்தவர்கள் இன்று தன்னைச் சந்தேகிக்கிறார்கள் என்றே அவருக்குத் தோன்றும். பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பே கமாண்டர் நேரில் அழைத்து, விதிகள் யாரைக் காப்பதற்காக உள்ளன, தாமும் அதே படிவத்தை நிரப்பியிருப்பது, தாமும் சிறுவரோடு கூடாரத்தைப் பகிர்வதில்லை என்பது எல்லாவற்றையும் விளக்க வேண்டும். முடிந்தால் தம் படிவத்தைப் புதுப்பிக்கும் அன்றே அவரையும் உடன் உட்கார வைத்து நிரப்பச் சொல்லுங்கள். அப்போது அது பெரியவர்களின் வரிசைக்குள் வரவேற்கும் சடங்காகவே மாறிவிடும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சரிபாருங்கள். பல சபைகளும் அவற்றின் காப்பீட்டு நிறுவனங்களும், சிறுவர்களோடு கட்டாயமாக இருக்க வேண்டிய இரண்டு பெரியவர்களின் கணக்கில் 21 வயது நிறைந்தவர்களை மட்டுமே சேர்க்கின்றன. சபையின் வேனை ஓட்ட அதைவிடக் கூடுதல் வயதும் கேட்கப்படுவதுண்டு. எனவே 19 வயது உதவியாளரை நம்பி, வயது நிறைந்த இரண்டாவது கமாண்டர் இல்லாமல் முகாமுக்குத் தேதி குறிக்காதீர்கள். கடைசி நேரத்தில் முகாம் ரத்தானால், அது தன்னால்தான் என்று அந்த இளைஞர் குன்றிப்போவார்.

பொறுப்பு என்றால் முழுப் பொறுப்பு

கல்லூரி வயதினர் விலகுவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் ஒன்று: அவர்களுக்குக் கிடைப்பது எடுபிடி வேலை. நாற்காலி அடுக்குவது, பொட்டலம் பிரிப்பது, கமாண்டர் வர முடியாத அன்று வகுப்பைச் சமாளிப்பது. இவற்றைச் செய்ய யாருக்கும் மனத்தடை இல்லை. ஆனால் இவை மட்டுமே என்றால், பொறியியல் படிப்பின் நடுவே இருநூறு மைல் காரோட்டிக்கொண்டு வர எந்த இளைஞருக்கும் காரணம் இல்லை. ஒரு காரியத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும், அதற்குரிய பணத்தையும், முடிவெடுக்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கமாண்டர் கேள்வி கேட்கலாம். பாதுகாப்புக்குக் கேடு என்றால் தடுக்கலாம். மற்றபடி தமக்குப் பிடித்த வழி வேறு என்பதற்காகக் குறுக்கிடக் கூடாது.

எங்கள் அவுட்போஸ்டில் ஒருமுறை, எக்ஸ்பெடிஷன் மாணவர்களுக்கான மூன்று நாள் மலைநடையை, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். இடம் ஆர்கன்ஸாவின் பஃபலோ நதிக்கரை. 1972-இல் அமெரிக்காவின் முதல் தேசிய நதியாக அறிவிக்கப்பட்டது. காலம் அவருடைய மார்ச் விடுமுறை. வழித்தடம், தண்ணீர் எடுக்கும் இடங்கள், வடிகட்டிகள், உணவின் எடை, அவசரத்தில் வெளியேறும் சாலைகள் என்று அனைத்தையும் அவரே வரைபடத்தில் குறித்துவந்தார். மொத்தச் செலவுக்கான தொகையையும் அவரிடமே கொடுத்திருந்தோம். வசந்த காலத்தில் மழை பெய்தால் அந்த நதி சில மணி நேரத்தில் ஏறிவிடும். புறப்படும் நாள் விடியலில் அவர் அரசின் நீர்மட்ட அளவியைக் கைபேசியில் பார்த்துவிட்டு, நதியைக் கடக்கும் பகுதி வேண்டாம், ஒரே கரையில் போய்த் திரும்புவோம் என்றார். சிறுவர்களுக்கு ஏமாற்றம். ஒரு தகப்பனார் எங்கள் மூத்த கமாண்டரிடம் வந்து, அவ்வளவு மோசமாகவா இருக்கிறது என்று கேட்டார். மூத்த கமாண்டர் அந்த இளைஞரைக் கைகாட்டி, "பயணத்தை நடத்துகிறவர் அவர்தான், அவரிடமே கேளுங்கள்" என்றார். இளைஞர் கைபேசியில் ஏறிக்கொண்டிருந்த கோட்டைக் காட்டி விளக்கினார். தகப்பனார் தலையசைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார். அந்த ஒரு வாக்கியம் அவருக்குக் கொடுத்த கனத்தை எந்தப் பதக்கமும் கொடுத்திருக்காது. உன் இளமையைக் குறித்து ஒருவனும் உன்னை அசட்டை பண்ணாதிருக்க வேண்டும் என்ற வசனத்தை இளைஞர்களுக்கு மனப்பாடமாகச் சொல்லித் தருகிறோம். அது நிறைவேறும்படி இடம்கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

கல்லூரி நாட்காட்டியை மேசைமேல் வையுங்கள்

ஆகஸ்ட் பிற்பகுதியில் வகுப்புகள் தொடங்கும். நவம்பர் நான்காம் வியாழனன்று நன்றி தெரிவிக்கும் நாள். டிசம்பர் முதல் பாதியில் தேர்வு, பிறகு ஜனவரி நடுப்பகுதிவரை விடுமுறை, மார்ச்சில் ஒரு வாரம், மே மாதத்தோடு ஆண்டு முடிவு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இந்த ஓட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். புதன்கிழமைதோறும் வா என்று கேட்டால், உள்ளூரில் படிப்பவருக்குக்கூட மாலை வகுப்பும் பகுதி நேர வேலையும் குறுக்கே நிற்கும். வாராவாரம் வர முடியாதவர் ஊழியத்திலேயே இல்லாதவர் என்ற எண்ணத்தை முதலில் நம் மனத்திலிருந்து அகற்ற வேண்டும்.

ஆண்டுத் திட்டத்தைக் கோடையிலேயே வகுத்து, விடுமுறைகளுக்குள் விழும் நிகழ்ச்சிகளைக் கல்லூரி வயதினருக்கென்று ஒதுக்குங்கள். டிசம்பர் விடுமுறையில் சிறுவர்களுக்கான பனிக்கால முகாம், மார்ச்சில் மலைநடை, கோடையில் மாவட்ட அளவிலான முகாம்களுக்கும் பயிற்சி முகாம்களுக்கும் பணியாளர்கள். மிசௌரியின் ஈகிள் ராக் முகாமில் நடக்கும் தேசிய கேம்ப்போராமா போன்ற பெருநிகழ்ச்சி வரும் ஆண்டு என்றால், ஓராண்டு முன்பே அதில் அவருக்கு இன்ன வேலை என்று சொல்லிவையுங்கள். தேர்வு வாரத்தில் எதையும் கேட்காதீர்கள். படிப்பு நடக்கும் மாதங்களில் விடுதி அறையிலிருந்தே செய்யக்கூடிய வேலைகளும் உண்டு. வேதபாடக் குறிப்புகள் எழுதலாம், முகாம் உணவுப் பட்டியல் தயாரிக்கலாம், கருவிகளின் கையிருப்பைக் கணக்கிடலாம். இவற்றை விரும்பிக் கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மாணவரின் கையில் பணம் இருக்காது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, நேரமில்லை என்பார். முகாமுக்கு வந்துபோகும் பெட்ரோல் செலவு, பயிற்சிக் கட்டணம், புதிய சீருடை இவற்றை அவுட்போஸ்டோ சபையோ ஏற்கட்டும். அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தின் வனப்பகுதி முதலுதவிப் பயிற்சி 16 மணி நேரம். சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்கு ஒருவரை அனுப்பினால் முகாமுக்கு முதலுதவியாளர் கிடைக்கிறார். அவருக்கோ வேலை விண்ணப்பத்தில் எழுதத்தக்க தகுதி கிடைக்கிறது. பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும்போது, அவர் என்ன பொறுப்பை எப்படி நிறைவேற்றினார் என்று விவரமாக எழுதிக் கொடுங்கள்.

வேலை கேட்காத தொலைபேசி அழைப்பு

ஒவ்வொருவருக்கும் ஒரு பெரியவர் என்று நியமித்துவிடுங்கள். அது கமாண்டராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ, சபையில் ஜெபத்துக்குப் பேர்போன மூப்பராகவோ இருக்கலாம். அவருடைய கடமை எளிது. மாதம் ஒருமுறை அழைத்து நலம் கேட்பது, தேர்வு நாட்களில் பெயர் சொல்லி ஜெபிப்பது, வாய்ப்பு இருந்தால் ஓராண்டில் ஒருமுறையாவது கல்லூரிக்கே போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துப் பேசிவிட்டு வருவது. இந்த அழைப்புகளில் உதவி எதையும் கேட்கக் கூடாது. கமாண்டரின் எண்ணைக் கண்டாலே அடுத்த முகாமுக்கு ஆள் தேடுகிறார் என்று நினைக்கும் நிலை வந்துவிட்டால், நாளடைவில் அந்த எண்ணுக்குப் பதில் வராது.

முதலாண்டின் முதல் ஆறு வாரங்களை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். புதிய நண்பர்களும், ஞாயிற்றுக்கிழமை எழுந்திருப்பதா இல்லையா என்ற வழக்கமும் அந்த வாரங்களில்தான் அமைகின்றன. அதனால் கல்லூரி திறக்கும் முன்பே அந்த ஊரில் எந்தச் சபை இருக்கிறது, வளாகத்தில் எந்தக் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் கூடுகிறது என்று விசாரித்து, அங்குள்ள பொறுப்பாளரிடம் இவருடைய பெயரைச் சொல்லிவையுங்கள். அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபைகளின் கல்லூரி ஊழியமான கை ஆல்ஃபா 1953-இல் அதே ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துக் கல்லூரியில்தான் தொடங்கியது. இன்று பல பல்கலைக்கழகங்களில் அது இயங்குகிறது. அவர் போகும் ஊரில் வேறொரு அவுட்போஸ்ட் இருந்து, அங்கே சேவை செய்ய விரும்பினால், மனமார அனுப்பிவையுங்கள். நம் பட்டியலில் ஓர் எண்ணிக்கை குறைவதை இழப்பாகக் கருதும் கமாண்டர், ஊழியத்தைவிடத் தம் அவுட்போஸ்டை நேசிக்கிறார் என்றே நான் சொல்வேன்.

இளைஞர்களுக்கு அவர்களுக்குள்ளேயே ஒரு கூட்டமும் வேண்டும். எப்போதும் சிறுவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பவர் வற்றிப்போவார். ஒவ்வொரு விடுமுறையிலும் 18 முதல் 25 வயதுவரை உள்ளவர்கள் மட்டும், சிறுவர்கள் யாரும் இல்லாமல், ஓர் இரவு முகாமடித்துத் தங்கட்டும். கடினமான ஏற்றம், நல்ல சாப்பாடு, தீ மூட்டி நீண்ட நேரப் பேச்சு. நிகழ்ச்சி நிரல் இவ்வளவு போதும். கல்லூரி செல்லாமல் வேலைக்குப் போனவர்களை இதற்கு மறவாமல் அழையுங்கள். கல்லூரி ஐக்கியம் அவர்களுக்கு இல்லை என்பதால், நம்மையும் விட்டால் அவர்களுக்கு வேறு இடமில்லை.

அந்தத் தீயைச் சுற்றி விசுவாசத்தைப் பற்றிய கேள்விகள் எழும். உயிரியல் வகுப்பில் கேட்டது, அறைத்தோழரின் துயரம், ஜெபித்தும் சரியாகாத நோய் என்று எதைப் பற்றியும் எழலாம். உடனே வசனம் சொல்லி வாயடைக்காதீர்கள். விடை தெரிந்தால் பொறுமையாகச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் சேர்ந்து படிப்போம் என்று சொல்லி, அடுத்த அழைப்பில் அதை மறக்காமல் எடுங்கள். சந்தேகத்தைச் சொன்ன மறுவாரமே பாடம் நடத்தும் பொறுப்பு பறிபோவதைக் கண்ட இளைஞர் இனி வாய் திறக்க மாட்டார். அதே சமயம், வெளிப்படையான பாவத்தில் நிலைத்திருப்பவரைச் சிறுவர்களுக்கு ஆசிரியராக வைத்திருப்பதும் முறையல்ல. சந்தேகத்தையும் கீழ்ப்படியாமையையும் வேறுபடுத்திப் பார்த்து, போதகரோடு கலந்து, தனிமையில், அன்போடு பேசி முடிவெடுக்க வேண்டும்.

வயது வித்தியாசம் இயல்பாகக் கரையும் இடமும் நம் ஊழியத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 1966-இல் தொடங்கிய ஃபிரான்டியர்ஸ்மென் கேம்ப்பிங் ஃபெல்லோஷிப்பில், பழைய எல்லைப்புறக் குடியேறிகளின் உடையில், தீக்கல்லால் நெருப்பு மூட்டியும் தோல் தைத்தும் பதின்வயதினரும் தாத்தாக்களும் ஒரே முகாமில் உட்காருகிறார்கள். அங்கே இருபது வயதுக்காரரை மாணவர் என்றோ பெரியவர் என்றோ பிரித்து யாரும் பார்ப்பதில்லை. கத்திக்கு உறை தைக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்றுத் தருகிறார். உங்கள் மாவட்டத்தில் அது உயிரோடு இயங்குமானால், பள்ளி முடிக்கும் முன்பே மாணவரை அதில் சேர்த்துவிடுங்கள்.

எல்லாம் செய்தும் சிலர் விலகுவார்கள். அவர்களுடைய பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள். பிறந்தநாளில் ஒரு வாழ்த்து, ஆண்டு விழாவுக்கு ஓர் அழைப்பு, ஊருக்கு வந்திருப்பது தெரிந்தால் ஒரு தேநீர் போதும், "ஏன் வரவில்லை?" என்ற கேள்வி மட்டும் வேண்டாம். லைஃப்வே கணக்கெடுப்பிலேயே, விலகியவர்களில் ஒரு பகுதியினர் பிறகு மறுபடியும் ஒழுங்காகச் சபைக்கு வந்துகொண்டிருந்தது பதிவாகியிருக்கிறது. அப்படித் திரும்புகிறவர் பெரும்பாலும் மணமானவராக, சில சமயம் ரேஞ்சர் கிட்ஸ் வயதை நெருங்கும் ஒரு பிள்ளையின் தகப்பனாராக வருவார். வந்த முதல் மாதமே கமாண்டர் பொறுப்பைத் திணிக்காமல், சில மாதங்கள் ஆராதனையில் உட்கார விடுங்கள். பின்னணிச் சோதனையும் பாதுகாப்புப் பயிற்சியும் காலாவதியாகியிருக்கும். அவற்றைப் புதுப்பித்த பிறகு, பதினோராம் வகுப்பில் அவர் சொன்ன பிடித்தமான வேலை இன்னும் பிடித்திருக்கிறதா என்று கேட்டு, அங்கிருந்து தொடங்குங்கள்.